உச்சியில் ஒரு நாடித்துடிப்பு

அத்தியாயம் 9

எக்ஸ்ரே மேடம் ஓர் இடத்தில் உட்கார்ந்து அவருடைய ஆள் சில்லறை பார்த்ததே இல்லை. பல் டாக்டரின் நாற்காலியில்கூட அவர் நின்றுகொண்டுதான் வாயைத் திறப்பார் என்பது அவனுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. இன்றைக்கோ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி, அந்தச் சின்ன ஃப்ளாட்டின் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடந்தபடி இருந்தார். துப்பறியும் நிறுவனத்துக்கு அவர் முதலாளி. உதவியாளன், எடுபிடி, வாய்த்துடுக்கு மூன்றும் சில்லறை. முப்பத்தைந்து வயதாகியும் அந்தப் பட்டப்பெயர் அவனை விட்டுப் போகவில்லை.

சோபாவின் நுனியில் கிரேன்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். கைக்குட்டையை மட்டும் இன்னும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சாயங்காலம் போலீஸ் வராங்க மேடம். நான் அவருக்கு விஷம் வச்சேன்னு அவரோட அண்ணன் எழுதிக் குடுத்துட்டார்."

"வச்சீங்களா?" என்றார் மேடம், நடையை நிறுத்தாமல்.

சில்லறை கண்ணை மூடிக்கொண்டான். ஆறுதல் சொல்வதில் மேடத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஐயோ, சத்தியமா இல்ல!"

"ஃபிளாஸ்க்ல நீங்க வெள்ளைப் பவுடர் கலக்கினதை அண்ணன் கண்ணால பாத்திருக்காரே?"

அவள் மென்று முழுங்கினாள். "அது நெஞ்செரிச்சலுக்குப் போடற பவுடர். போன வாரம் கல்லீரலுக்குப் புது மாத்திரை ஆரம்பிச்சார். அன்னிலேர்ந்து நெஞ்சைத் தடவிக்கிட்டே இருக்கார். டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னா, உனக்கு வேற வேலை இல்லையான்னு எரிஞ்சு விழறார். அதான் தெரியாம கலந்து குடுத்தேன்."

"கல்லீரல்ல என்ன?"

"ஹெபடைட்டிஸ் சி. எப்பவோ ஆபரேஷன்ல ரத்தம் ஏத்தினப்ப உள்ள புகுந்த கிருமியாம். இத்தனை வருஷம் சத்தமில்லாம இருந்திருக்கு. ரெண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒண்ணு, மூணு மாசம் சாப்பிட்டா சுத்தமா போயிடும்னு டாக்டர் சொன்னார். நாங்களும் சந்தோஷமாத்தான் ஆரம்பிச்சோம். மறுநாளே குளியலறை வாசல்ல மயங்கி விழுந்தார். அப்புறம் மாடிப்படியில. முந்தாநாள் சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாஞ்சுட்டார்."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"வெயில்னு சொல்றார். தூக்கம் கெட்டுடுச்சுன்னு சொல்றார். மயக்கம்னு எழுதிட்டா கிரேன்ல ஏத்த மாட்டாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறார்."

அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். கட்டடம் வளர வளரக் கூடவே வளரும் அந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது அவர் தொழில். அவர் கையசைத்தால் கீழே டன் கணக்கில் இரும்பு நகரும். அப்படிப்பட்டவருக்கு மயக்கம் என்றதும் சில்லறை கேலியை விட்டுவிட்டான்.

"இப்ப எங்க அவரு?" என்றான்.

"அண்ணன் வீட்டுல படுத்திருக்கார். ரெண்டு நாள் ஓய்வெடுக்கறேன்னு காலையில போனார்."

மேடம் படுக்கையறை வாசலில் நின்றுவிட்டார். மேடம் நின்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். சில்லறை அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். கட்டில், அலமாரி, சன்னல், கடிகாரம். அவன் வீட்டிலும் இதேதான், தூசி மட்டும் கூடுதல்.

"என்ன தெரியுது?" என்றார் மேடம்.

"சன்னல் கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டியிருக்கு. கடன்காரனுக்குப் பயப்படற வீடு மாதிரி."

"வெயில் மேல பட்டாலே எரியுதுங்கறார்," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "நாலஞ்சு மாசமா இப்படித்தான். முழுக்கைச் சட்டை இல்லாம வெளியவே போறதில்ல."

"இந்த பல்பு புதுசா?"

"அதை ஏன் கேக்கறீங்க! விளக்கைச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுதாம். பல்புதான் கோளாறுன்னு மாத்திக்கிட்டே இருக்கார். எனக்கு எல்லா பல்பும் ஒரே மாதிரிதான் எரியுது."

"கடிகாரம்?"

"சமையலறையில இருந்தது. அவர்தான் எடுத்து இங்க மாட்டினார்."

சில்லறை கட்டிலில் போய் படுத்தே பார்த்தான். தலையணையில் தலை வைத்தால் கடிகாரம் நேர் எதிரே. சிவப்பு நொடிமுள் துள்ளித் துள்ளி ஓடுவது துல்லியமாகத் தெரிந்தது. "மேடம், தூங்கற மனுஷன் மணி பாப்பான். நொடிமுள்ளை எதுக்குப் பாக்கணும்?"

மேடம் கட்டிலருகே வந்தார். தன் இடது மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

சில்லறை சடாரென்று எழுந்து உட்கார்ந்தான். "நாடி பாக்கறார்!"

"கல்லீரல்காரருக்கு நாடி எதுக்கு?" மேடம் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "டாக்டர் நம்பர் சொல்லுங்கம்மா. சில்லறை, நீ அண்ணன் வீட்டுக்குப் போடு."

இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்தன. கல்லீரல் டாக்டர் எடுத்ததுமே சலித்துக்கொண்டார். ஸ்பீக்கரில் குரல் கூடமெங்கும் கேட்டது. "நெஞ்செரிச்சல் பவுடரா? அதைக் கூடவே குடுத்தா என் மாத்திரை உடம்புல சரியா சேராது. யாரைக் கேட்டுக் குடுத்தாங்க? ஆனா அதனால மயக்கம் வராது. வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களான்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டேன். எதுவுமே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாரே."

"டாக்டர், வெயில் பட்டா தோல் எரியுது, விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுது. ரெண்டும் ஒரே மருந்தால வருமா?"

மறுமுனையில் சலிப்பு காணாமல் போனது.

"அந்த ஆளுக்கு இதயத்துடிப்புல ஏதாவது கோளாறா?"

"யாருக்கும் தெரியாம நாடி பிடிச்சுப் பாத்துக்கறார்."

"அமியோடரோன்," என்றார் டாக்டர். "தாறுமாறா அடிக்கற இதயத்தைச் சீர்படுத்தற மருந்து. நான் குடுத்த மாத்திரையோட அது சேர்ந்தா இதயம் மெதுவாகிக்கிட்டே போகும். நின்னுபோனவங்களும் உண்டு. உடனே அவரைப் படுக்க வைங்க. எங்க இருக்கார்?"

சில்லறை தன் போனைக் காதிலிருந்து இறக்கினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணன் வீட்டுக்கு அவர் வரவே இல்லையாம்."

மனைவி வாசலுக்கு ஓடினாள். செருப்பு அடுக்கும் பலகையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. "வேலைக்குப் போடற பூட்ஸைக் காணோம்," என்றாள்.

"சொல்லுங்க, எங்க இருக்கார்?" என்று போன் மறுபடி கேட்டது.

மேடம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "வானத்துல."

டாக்சியில் சில்லறை முன்சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுநருக்குப் பதிலாக அவனே ஹாரன் அடித்தான். பின்சீட்டில் மேடம் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கி ஓடிவிடலாமா என்று அவர் கணக்குப் போடுவது கண்ணாடியில் தெரிந்தது.

"அப்ப விஷம் வச்சது யாரும் இல்லையா மேடம்?"

"அவரே வச்சுக்கறார். காலையில ஒரு டாக்டரோட மாத்திரை, ராத்திரி இன்னொரு டாக்டரோட மாத்திரை. அவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாது."

"கிளம்பறப்ப அலமாரியைப் புரட்டிப் பாத்தேன். இதய மாத்திரை ஒண்ணுகூட அகப்படலையே!"

"கிரேன்ல வச்சிருப்பார். பொண்டாட்டி ஏற முடியாத ஒரே அலமாரி அதுதானே."

கிரேன்காரரின் மனைவி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷத்துல நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்ல," என்றாள். குரலில் பயத்தைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது.

கட்டடம் பாதி எழும்பி, பாதி கம்பியாக நின்றது. அதற்கும் மேலே கிரேன். அண்ணாந்து பார்த்த சில்லறையின் தொப்பி கழன்று விழுந்தது. கண்ணாடிக் கூண்டின் வெயில் பக்கம் ஒரு துண்டு தொங்கியது. கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி மெதுவாகச் சுழன்றபடி, வேலையாட்களின் தலைக்கு மேலே நகர்ந்துகொண்டிருந்தது.

கீழே ஒரு கையில் கொடியும் மறு கையில் வாக்கிடாக்கியுமாக நின்றவர் சிக்னல்காரர். கிரேனுக்குக் கீழிருந்து கண்ணும் காதும் அவர்தான். மேடம் விஷயத்தைச் சொல்லி வாக்கிடாக்கிக்குக் கை நீட்டினார். சிக்னல்காரர் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அதெல்லாம் முடியாதுங்க. கிரேன்கிட்ட ஒரே குரல்தான் பேசணும். நாலு பேர் பேசினா யார் சொல்லைக் கேட்பார்? தலையில பாரம் விழுந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"அவசரம்னா?"

"நிறுத்துன்னு மட்டும் யார் வேணும்னாலும் சொல்லலாம். யார் சொன்னாலும் அவர் நிறுத்தியே ஆகணும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான்..."

முடிப்பதற்குள் கிரேன்காரரின் மனைவி பின்பக்கமாகப் போய் வாக்கிடாக்கியைப் பிடுங்கிவிட்டாள்.

"நிறுத்து!" என்று கத்தினாள்.

சுழன்றுகொண்டிருந்த கிரேனின் கை நின்றது. கம்பிக் கட்டு அந்தரத்தில் ஊசலாடியது. வேலைத்தளம் முழுக்க வாக்கிடாக்கி வைத்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பெண் குரல் எங்கிருந்து வந்தது என்று. மேலேயிருந்து கரகரப்போடு பதில் வந்தது. "யாரு? நீயா?"

சிக்னல்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டு விசிலடித்து ஆட்களை விலக்கினார். "பாரத்தை இடது பக்கம் கொண்டாங்க. மெதுவா. இறக்குங்க. இன்னும். இன்னும். சரி." கம்பிக் கட்டு தரையில் உட்கார்ந்ததும்தான் சில்லறை மூச்சு விட்டான். மேலே இருந்தவர் வேலையைப் பிசகில்லாமல் செய்துமுடித்தார்.

"இப்ப கேளுங்க," என்றார் மேடம். "இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறாரான்னு."

சிக்னல்காரர், சிமென்ட் மூட்டை வந்ததா என்று கேட்கிற அதே தொனியில் கேட்டார். "இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேக்கறாங்க. ஓவர்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு, "இல்ல. சாப்பிடலை. ஓவர்."

"நான் சொல்லலையா!"

பின்னாலிருந்து வந்த குரல் அண்ணனுடையது. சில்லறையின் போன் வந்ததுமே, தம்பி வேறெங்கே போயிருப்பான் என்று இங்கே அலறியடித்துக்கொண்டு ஓடிவந்திருந்தார். அப்பா போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்த மனிதர். முகமெல்லாம் வியர்வை. "அவனுக்கு இதயத்துல எந்த வியாதியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. இவதான் பவுடரைக் கலந்து குடுத்தா. நான் பாத்தேன். என் தம்பியை அணு அணுவாக் கொல்றா!"

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. மேடத்தைப் பார்த்தாள். சில்லறையும் மேடத்தைப் பார்த்தான். டாக்சியில் வரும்வரை எல்லாம் கச்சிதமாக இருந்தது. கிரேன்காரரின் ஒரே ஒரு "இல்ல"யில் மேடத்தின் கட்டடம் பொலபொலவென்று சரிந்துவிட்டது. மூக்கு உடைபட்டால் மேடம் என்ன செய்வார் என்று அவன் இதுவரை பார்த்ததில்லை.

மேடம் நடந்தார். மணல் குவியல் வரை போனார், திரும்பினார். அண்ணாந்து பார்த்தார்.

"அந்தத் துண்டு எவ்வளவு நாளா தொங்குது?"

"மாசக்கணக்கா," என்றார் சிக்னல்காரர் எரிச்சலோடு. "அந்தப் பக்கம் கொடி காட்டினா தெரியலைங்கறார். எடுங்கன்னா எடுக்க மாட்டேங்கறார்."

"இன்னிக்குக் காலையிலயும் போட்டாரா?"

"ஏறினதும் முதல் வேலையே அதுதானே."

"வெயில் இன்னிக்கும் எரியுது," என்றார் மேடம் தனக்குத்தானே. பிறகு வேகமாகத் திரும்பினார். "அவர் பொய் சொல்லலை. நான்தான் கேள்வியைத் தப்பாக் கேட்டேன். சாப்பிடறீங்களான்னு கேக்காதீங்க. எப்ப நிறுத்தினீங்கன்னு கேளுங்க."

சிக்னல்காரர் கேட்டார். இந்தத் தடவை இரைச்சல்கூட வரவில்லை.

"ஏன் பேசாம இருக்கார்?" என்றான் சில்லறை.

சிக்னல்காரர் குரலைத் தாழ்த்தினார். "எப்படிப் பேசுவார்? இது பொது அலைவரிசை. எஞ்சினியர் கேக்கறார், மேனேஜர் கேக்கறார். இதயக் கோளாறுன்னு வாயால ஒப்புக்கிட்டா நாளைக்கே லைசென்ஸ் போச்சு. இருபது வருஷமா அந்தக் கூண்டுலதான் அவர் மூச்சே இருக்கு."

கிரேன்காரரின் மனைவி முன்னால் வந்தாள். இந்த முறை அவள் எதையும் பிடுங்கவில்லை. "நான் சொல்றதை அப்படியே சொல்றீங்களாண்ணா?" என்றாள்.

"சொல்லும்மா."

"உங்க அண்ணன் என்மேல போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கார்."

"உங்க அண்ணன் உங்க சம்சாரம் மேல போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கார். ஓவர்."

"நான் உங்களுக்கு விஷம் வச்சேனாம்."

"அவங்க உங்களுக்கு விஷம் வச்சாங்களாம். ஓவர்."

"சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. நீங்க வாயைத் திறக்கலைன்னா, நானும் திறக்கப் போறதில்ல. போயிடுவேன்."

சிக்னல்காரர் வாக்கிடாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார், நிறுத்தினார், தொண்டையைச் செருமினார். ஆனாலும் வார்த்தை பிசகாமல் முழுவதையும் சொன்னார். கடைசியில் "ஓவர்" சொல்ல மறந்துவிட்டார்.

தளத்தில் ஒரு சுத்தியல்கூடத் தட்டவில்லை. மேலேயிருந்து குரல் வந்தபோது குழறலாக வந்தது, தூக்கத்தில் பேசுகிறவன் மாதிரி.

"எனக்கு இதயக் கோளாறு. ஒரு வருஷமா மாத்திரை சாப்பிட்டேன். வெளியூர் டாக்டர். யாருக்கும் தெரியாது. கல்லீரல் மாத்திரை டப்பாக்குள்ள இருந்த காகிதத்துல, அதையும் இதையும் சேர்க்காதேன்னு போட்டிருந்தது. அன்னிக்கே இதய மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன். நான் முட்டாள் இல்ல. கொக்கியிலேர்ந்து பாரத்தை இறக்கிட்டா கயிறு காலிதானே? அப்புறமும் ஏன் தலை சுத்துதுன்னு எனக்குத் தெரியலை. என் பொண்டாட்டி எதுவும் வைக்கலை. அவளை விட்டுடுங்க."

மேடம் இன்னும் துண்டிக்காத போனில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "காலி இல்லைங்க," என்றார். "அது மத்த மருந்து மாதிரி கிடையாது. உடம்புக்குள்ளயே தங்கி, கரையறதுக்கு மாசக்கணக்காகும். அதான் வெயில் இன்னும் எரியுது. நிறுத்தின மறுநாளே என் மாத்திரையைப் போட்டா, ரெண்டையும் சேர்த்துப் போட்ட மாதிரிதான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மருந்து பாத்திருப்பேன். இல்ல, ஆஸ்பத்திரியில வச்சு இதயத்தைக் கவனிச்சுக்கிட்டே ஆரம்பிச்சிருப்பேன். அவரை ஏணியில கால் வைக்க விடாதீங்க. உட்கார்ந்தே இருக்கட்டும். ஆளை அனுப்பித் தூக்குங்க."

சிக்னல்காரர் அதைச் சொல்லச் சொல்ல, மேலே கூண்டின் கதவு திறப்பது தெரிந்தது. பிடிவாதக்காரர், தானே இறங்க வந்துவிட்டார்.

"நிறுத்து!" என்று கத்தினார் மேடம். சிக்னல்காரரின் கையிலிருந்த வாக்கிடாக்கியில் அது போய்ச் சேர்ந்தது. கதவு பாதியில் நின்றது. அப்புறம் மெல்லச் சாத்திக்கொண்டது.

நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். ஏறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சில்லறையின் கழுத்து மரத்துப்போனது. ஒரு நகைச்சுவையாவது சொல்லிக் காற்றை லேசாக்கலாம் என்று தேடினான், ஒன்றும் அகப்படவில்லை. மேடம் மணல் குவியலுக்கும் கோபுரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். மனைவி அசையாமல் நின்றாள். அண்ணன் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ட்ரெச்சரில் கட்டி, தளம் தளமாக இறக்கினார்கள். கீழே வந்தபோது அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. டாக்டர் வரவழைத்த ஆம்புலன்ஸ்காரர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார், நெஞ்சில் வயர்களை ஒட்டினார். "ரொம்ப மெதுவா அடிக்குது. ஆனா அடிக்குது. சரியான நேரத்துல இறக்கிட்டீங்க. இன்னும் ஒரு மணி நேரம் மேல இருந்திருந்தா..." என்றவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார்.

கிரேன்காரர் மனைவியைத் தேடினார். அவள் குனிந்தாள்.

"கிரேன் போச்சு," என்றார் அவர்.

"ஆமா, போச்சு," என்றாள் அவள். மழுப்பவில்லை. அவர் கண்ணோரத்தில் வழிந்ததைத் தன் புறங்கையால் துடைத்தாள். "உங்கமேல எனக்கு எவ்வளவு கோபம்னு நீங்க எழுந்து உட்கார்ந்தப்புறம் சொல்றேன். முதல்ல எழுந்திருங்க."

ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் ஏற்றினார்கள். அண்ணன் தட்டுத் தடுமாறி எழுந்து வந்து வண்டியின் படியில் கால் வைத்தார். "தம்பி கூட நானும் வரேன்."

அவள் வண்டிக்குள்ளிருந்து திரும்பினாள். காலையிலிருந்து பிழிந்துகொண்டிருந்த கைக்குட்டை அவள் கையில் இல்லை.

"ஸ்டேஷனுக்குப் போய் நீங்க எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்கிட்டு வாங்க மாமா," என்றாள். "அதுக்கப்புறம் தம்பியைப் பாக்க வாங்க. நான் கதவைத் திறந்து விடறேன்."

 அவர் காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வாசலைத் தாண்டியது. அந்தப் பெரிய மனிதர் வேலைத்தளத்தின் நடுவில் தனியாக நின்றார். வேலையாட்கள் யாரும் அவரை நேராகப் பார்க்கவில்லை.

மேடம் சில்லறையைப் பார்த்தார். சில்லறை கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, அண்ணனருகே போனான்.

"டாக்சி வாசல்லயே நிக்குதுங்க," என்றான். "ஏறுங்க. ஸ்டேஷனுக்கு வழி எனக்குத் தெரியும்."